டெல்டாவில் பட்டுக்கூடு: நிலம் பார்ப்பதிலிருந்து கூடு பிரிப்பது வரை

திருபுவனத்திலும் கும்பகோணத்திலும் பட்டுத்தறி ஓடுகிறது. திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தறியில் ஏறும் நூலுக்கான கூடு பெரும்பாலும் டெல்டாவில் விளைவதில்லை. கர்நாடகம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு, உடுமலை என்று மேட்டுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நெல்லுக்கு வரமான ஈரம் மல்பெரிக்கும் அதன் இலையைத் தின்னும் பட்டுப்புழுவுக்கும் ஆகாது என்பதே முதல் காரணம். டெல்டாவில் பட்டுக்கூடு எடுக்க முடியும். ஆனால் மேட்டுப்பகுதி விவசாயி எண்ணிப் பார்க்காத மூன்று விஷயங்களை இங்கே முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்: தோட்டத்துத் தண்ணீர் எங்கே வடியும், புழு வளர்க்கும் மனைக்குள் காற்று எப்படி ஓடும், பக்கத்து வயலில் என்ன மருந்து அடிக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் மனை கட்டக் கடன் வாங்காதீர்கள்.

நிலம்

மல்பெரிக்கு வேர் ஓட ஆழமான, தண்ணீர் வடியும் மண் வேண்டும். கார அமில நிலை 6.2 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது. கொள்ளிடம், காவிரிக் கரையோரப் படுகை நிலங்கள், அதாவது வாழையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் நன்றாக வரும் இடங்கள், மல்பெரிக்கும் ஏற்றவை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் கலந்த மேட்டு நிலங்களும் சரிப்படும். திருவாரூர், நாகைப் பக்கத்துக் களிமண் தாழ்வயலில், சுற்றிலும் சம்பா நிற்கும் நிலத்தின் நடுவில் ஒரு ஏக்கரை மட்டும் மல்பெரியாக மாற்ற நினைத்தால், வேண்டாம். பக்கத்து வயலின் தண்ணீர் ஊறி வந்து வேர் அழுகும். இலை மஞ்சளாகும், அந்த இலையைத் தின்ற புழுவும் நோயில் விழும்.

பல வருடம் சேற்றுழவு போட்ட வயலில், கலப்பை இறங்கும் ஆழத்துக்குக் கீழே கல் மாதிரி இறுகிய ஒரு படிவு இருக்கும். நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்து வைப்பதே அந்தப் படிவுதான். மல்பெரி வேர் அதில் முட்டி நின்றுவிடும். கோடையில் உளிக்கலப்பை போட்டு ஒன்றரை அடி ஆழம் வரை உடைத்துவிட்டுத்தான் நட வேண்டும். நிலத்தைச் சுற்றி இரண்டு அடி ஆழ வடிகால் வாய்க்கால் எடுங்கள். எடுத்த மண்ணை உள்பக்கம் போட்டுப் பாத்தியை உயர்த்துங்கள். வாய்க்காலின் கடைசி முனை வடிகாலில் போய்ச் சேருகிறதா என்பதை அடைமழையில் ஒரு தடவை நேரில் நின்று பார்த்துவிடுவது நல்லது.

நடவு, எரு, கவாத்து

ரகம் வி-1. இதில் பெரிய யோசனை தேவையில்லை. இலை பெரிது, சாறு உண்டு, தண்டோடு வெட்டிப் போட வசதி. 3 அடி, 5 அடி இரட்டை வரிசையில் செடிக்குச் செடி 2 அடி விட்டால் ஏக்கருக்கு 5,445 செடி பிடிக்கும். 5 அடி இடைவெளியில் பவர் டில்லர் ஓட்டலாம், காற்றும் உள்ளே போகும். குச்சியை நேராக வயலில் ஊன்றாமல், நாற்றங்காலில் 3, 4 மாதம் வளர்ந்த வேர்விட்ட நாற்றை நடுங்கள். டெல்டாவில் நடவுக்கு நல்ல காலம் தை, மாசி. மண்ணில் ஈரம் இருக்கும், மழை இருக்காது, அடுத்த ஐப்பசிக்குள் வேர் இறங்கிவிடும். புரட்டாசியில் நட்டால் இளஞ்செடி மழைத் தண்ணீரில் நின்று சாகும்.

ஏக்கருக்கு வருடத்துக்கு 8 டன் தொழு எருவை இரண்டு தவணையாக இடுங்கள். பாசன வி-1 தோட்டத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்துப் பரிந்துரை எக்டேருக்கு வருடம் 350:140:140 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 140:56:56. அதை அந்த வருடத்து அறுவடைகளுக்குப் பிரித்து, கவாத்து செய்து, அதாவது தண்டுகளை வெட்டிவிட்டு, இரண்டு, மூன்று வாரம் கழித்துத் துளிர் வந்த பிறகு வைக்கவும். யூரியாவில் கை தாராளமாகிவிடக் கூடாது. மேகமூட்ட நாளில் தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே வெறும் தண்ணீர்தான். அந்த இலையைப் போட்டால் புழு இளகிக் கழிந்து தளர்நோயில் விழும். மேட்டூர்த் தண்ணீரை நம்பித் தோட்டம் போட முடியாது. வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள், மல்பெரிக்கோ கோடையிலும் வாரம் ஒரு பாசனம் வேண்டும். ஆழ்குழாயும் சொட்டுநீரும் இருந்தால் நிம்மதி.

நட்ட 5, 6 மாதத்தில் முதல் இலை எடுக்கலாம். பிறகு ஒவ்வொரு தடவையும் தரையிலிருந்து அரை அடி, முக்கால் அடி விட்டுக் கூர்மையான கருவியால் வெட்டவும். மொட்டைக் கத்தியால் பிளந்த கட்டையில் தண்ணீர் புகுந்து அழுகல் தொடங்கும். நுனி சுருண்டு, தடித்து, முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தால் துக்ரா. மாவுப்பூச்சி சாறு உறிஞ்சியதால் வருவது. நுனியோடு கிள்ளிப் பையில் போட்டு எரிக்கவும். வரப்பில் வீசினால் அங்கிருந்து திரும்பி வரும்.

மனை

குடியிருக்கும் வீட்டுக் கூடத்தில் புழு வளர்ப்பதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. கொசுவர்த்தி, ஊதுபத்தி, தாளிப்புப் புகை எல்லாமே புழுவுக்குக் கேடு. தனி மனை வேண்டும். 20 அடி அகலம், 50 அடி நீளம், நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போதுதான் வெயில் நீளச் சுவரில் நேராக விழாது. உள்ளே 5 அடி அகலம், 40 அடி நீளத்தில் இரண்டு ஸ்டாண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு, தட்டுக்கும் தட்டுக்கும் இரண்டு அடி. மொத்தப் படுக்கை 1,200 சதுர அடி வரும். 100 முட்டைத் தொகுதிப் புழுவுக்கு (ஒரு பூச்சி இடும் முட்டை முழுதும் ஒரு தொகுதி) கடைசிப் பருவத்தில் 700 சதுர அடியாவது வேண்டும். ஆக இந்த மனை 160, 170 தொகுதிக்குத்தான். நாலாவது தட்டு போட்டால் 220 வரை போகலாம், ஆனால் மேல்தட்டில் சூடும் வேலையும் கூடும். முதல் வருடம் 150-ஐத் தாண்டாதீர்கள்.

தரைமட்டத்தை வெளி மண்ணிலிருந்து குறைந்தது இரண்டு அடி உயர்த்துங்கள். சிமெண்டுத் தரையில் ஒரு வெடிப்பும் இருக்கக் கூடாது, காரணம் ஊசி ஈ பற்றிப் பேசும்போது புரியும். சன்னல்கள் தரையோரம் ஒரு வரிசை, கூரையோரம் ஒரு வரிசை என எதிரெதிரே இருந்தால் சூடான ஈரக் காற்று மேலே போய் வெளியேறும். எல்லாவற்றுக்கும் நைலான் வலை. வாசலுக்கு இரட்டைக் கதவு, நடுவில் கைகால் கழுவும் இடம். ஸ்டாண்டுக் கால்களைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினால்தான் எறும்பு ஏறாது. கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தால் சித்திரை வெயிலில் உள்ளே நன்றாகவே குறையும். ஆனால் கூரையை நன்றாகக் கட்டுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தகரமும் ஓடும் என்ன பாடு பட்டன என்பது டெல்டாக்காரர் எல்லோருக்கும் தெரியும். இரும்புத் தகடாக இருந்தால் கொக்கி போல்ட்டோடு குறுக்குக் கம்பியும் போட்டு இறுக்கவும்.

புழு வருவதற்கு 4, 5 நாள் முன்பு கிருமிநீக்கம். 1,000 சதுர அடித் தரைக்கு 140 லிட்டர் கரைசல் கணக்கு: பிளீச்சிங் பவுடர் 2.8 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 420 கிராம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிறகு மீதித் தண்ணீர் சேர்த்து வடிகட்டி, சுவர், தட்டு, கூரையின் உள்பக்கம் எல்லாம் நனையத் தெளிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் புதிய பொட்டலமாக இருக்கட்டும். திறந்து வைத்த மூட்டையில் குளோரின் பறந்துபோயிருக்கும், அதைத் தெளிப்பது வெறும் வெள்ளையடிப்புதான். மூக்கு, கண்ணுக்கு மறைப்பு போடுங்கள்.

முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை

நாட்கணக்கு மனதில் இருந்தால் தோட்டமும் மனையும் ஒத்துப்போகும். பட்டுப்பூச்சி ஒன்று இடும் முட்டை ஏறக்குறைய 500. அதுதான் ஒரு தொகுதி. அடைக்கு வைத்த 10, 11 நாளில் பொரியும். புழுப்பருவம் 24 முதல் 26 நாள். அதற்குள் நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடக்கும். பொரிக்கும்போது அரை மில்லிகிராம்கூட இல்லாத புழு, கடைசியில் 4, 5 கிராம், அதாவது ஏறக்குறைய 10,000 மடங்கு. தின்னும் இலையில் நூற்றுக்கு 80-க்கு மேல் ஐந்தாம் பருவத்தின் 7, 8 நாளிலேயே போய்விடும். பிறகு 2, 3 நாள் கூடு கட்டும், உள்ளே கூட்டுப்புழுவாகும். விட்டுவைத்தால் கூடு கட்டி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அது தின்னாது, பறக்காது, இணைசேர்ந்து முட்டையிட்டுச் சாகும். துளைபட்ட கூட்டில் இழை அறுந்துவிடும், நூல் நூற்க முடியாது.

சொந்தக் கூட்டிலிருந்தே முட்டை எடுத்தால் என்ன என்று புதிதாக வருபவர் எல்லோரும் கேட்பார்கள். கூடாது. நாம் வளர்ப்பது கலப்பினம், அதன் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி இருக்காது. அதைவிட முக்கியம் பெப்ரின் நோய். நோசிமா என்ற நுண்ணுயிரியால் வருவது, தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். 1860-களில் பிரான்சின் பட்டுத்தொழிலை அழித்துக்கொண்டிருந்த இந்த நோயைத்தான் லூயி பாஸ்டர் ஆராய்ந்து, முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோயுள்ளதன் முட்டையை ஒழிக்கும் முறையை வகுத்தார். இன்றும் முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் அதே முறைதான். பரிசோதித்த முட்டைக்கு மாற்றுக் கிடையாது.

முட்டையையும் நேராக வாங்க வேண்டாம். முதல் இரண்டு பருவத்துக்கு 27, 28 டிகிரி சூடும் 85 விழுக்காட்டுக்கு மேல் காற்றின் ஈரமும் தளிர் இலையும் வேண்டும். அது தனி வேலை. இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்த்துத் தருகிறார்கள். வெள்ளைக்கூடு தரும் இருவழிக் கலப்பினம், அதாவது சிஎஸ்ஆர் வகைகளின் இரட்டைக் கலப்பினம், கேளுங்கள். புழு தூக்கத்தில், அதாவது தோலுரிக்கத் தின்னாமல் அசையாமல் இருக்கும்போது, இரவிலோ விடியற்காலையிலோ கொண்டுவர வேண்டும். டெல்டாவில் மையங்கள் குறைவு. பயணம் நீண்டால் நடுவில் வண்டியை வெயிலில் நிறுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பதிவை ஒரு மாதம் முன்பே, கவாத்து தேதியை வைத்துச் செய்துவிடவும். கவாத்து செய்த 50, 55-ஆம் நாள் தண்டில் புழு மூன்றாம் பருவத்தில் இருந்தால், 60-ஆம் நாள் முதிர்ந்த இலை ஐந்தாம் பருவத்துக்குச் சரியாக அமையும்.

முதிர்புழு

புழு வந்ததும் 100 தொகுதிக்கு 90 சதுர அடியில் பரப்புங்கள். மூன்றாம் பருவக் கடைசியில் 180, நான்காம் பருவக் கடைசியில் 360, ஐந்தில் 700-க்கு மேல். இடம் கொடுக்கத் தாமதித்தால் பெரிய புழு தின்று சின்னது பட்டினி கிடக்கும். பிறகு ஒரே தட்டில் மூன்று அளவுப் புழு இருக்கும், தூக்கமும், கடைசியில் கூடு கட்டப் பழுப்பதும் சேர்ந்து வராது.

தண்டு வெட்டுவது விடிந்ததும், பனி காய்ந்த பிறகு. வெயில் ஏறுமுன் முடித்து ஈரச் சாக்கு போர்த்தி, நிழல் அறையில் செங்குத்தாக நிறுத்திவையுங்கள். படுக்கவைத்துக் குவித்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும். காலை 6, பகல் 2, இரவு 9 என மூன்று வேளை. தண்டுகளை ஒரு வரிசை நுனி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என மாற்றிப் போட்டால் படுக்கை சமமாக உயரும். 100 தொகுதிக்கு மொத்தம் 1,100 கிலோ இலைக்குக் குறையாது, ஐந்தாம் பருவத்தின் நடுவில் ஒரு நாளுக்கே 150 கிலோவைத் தாண்டும். அந்த வாரம் ஆளுக்கு ஏற்பாடு முன்பே இருக்கட்டும். நடவு, களை, அறுப்பு நடக்கும் வாரத்தில் டெல்டாவில் ஆள் கிடைக்காது. குறுவை அறுப்போடு ஐந்தாம் பருவம் மோதாதபடி தேதி குறியுங்கள்.

தூக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் வளர்ப்பவரின் கைத்திறன். சோம்பிய புழு ஒன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோல் இழுத்துப் பிடித்த மாதிரி மினுங்கும். பழைய தலைக்குப் பின்னால், கழுத்தில், சிறிய முக்கோணமாகக் கருநிழல் தெரியும். உள்ளே உருவாகும் புதுத் தலை அது. பத்தில் ஒன்பது புழு இப்படித் தலையைத் தூக்கி அசையாமல் இருந்தால் இலையை நிறுத்தி, நீற்றிய சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் கட்டிச் சீராகத் தூவுங்கள். படுக்கை காயட்டும். ஏறக்குறைய ஒரு நாள், நான்காம் தூக்கம் என்றால் ஒன்றரை நாள் கூட ஆகும். முந்தி எழுந்த நாலு புழு அலைகிறதே என்று இரக்கப்பட்டு இலை போடாதீர்கள். எல்லாம் எழும்வரை பொறுங்கள், பசியில் அவை சாகாது. அவசரப்பட்டால் தட்டு முழுதும் ஏற்றத்தாழ்வாகிவிடும். எழுந்ததும் விஜேதா அல்லது அங்குஷ் போன்ற படுக்கைக் கிருமிநாசினி தூவி, அரை மணி கழித்து இலை போட வேண்டும். விஜேதா 100 தொகுதிக்கு முழு வளர்ப்புக்கும் சேர்த்து 4 கிலோ. ஐந்தாம் பருவத்தின் நான்காம் நாள் தூவ ஒரு பங்கை நிறுத்திவையுங்கள்.

ஈரமும் நோயும்

நான்காம் பருவத்துக்கு 25 டிகிரி, 70 முதல் 75 விழுக்காடு ஈரம். ஐந்துக்கு 24 டிகிரி, 65 முதல் 70. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த எண்ணிக்கைக்கு வாய்ப்பே இல்லை, ஈரம் 90-ஐத் தொடும். அதனால் அந்த இரண்டு மாதமும் மனையைக் காலியாக விடுவதுதான் சரி. மேட்டுப் பகுதியில் வருடம் ஐந்து எடுக்கிறார்களே என்று ஐந்தாவதை அடைமழையில் நுழைத்தால், மற்ற நான்கில் வந்ததையும் அது தின்றுவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஒன்றை முடித்து, கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் கவாத்து செய்தால் தை கடைசிக்கு இலை தயார்.

அடைமழைக்கு வெளியேயும் ஈர நாட்கள் வரும். ஈர இலை போடுவது, படுக்கை கனத்துப் புழுங்குவது, சன்னலை மூடிவைப்பது மூன்றும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டி நோய் வரும். இது பூஞ்சணம். செத்த புழு முதலில் இறுகும், பிறகு மேலே வெள்ளை மாவு பூத்துச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடையும். அந்த மாவுதான் விதை. பூக்கும் முன்பே இறுகிய புழுவைக் குச்சியால் எடுத்து, பிளீச்சிங் சுண்ணாம்புக் கரைசல் உள்ள சட்டியில் போடவும். கையால் தொட்டால் அதே கையால் அடுத்த தட்டுக்குக் கொண்டுபோவீர்கள். ஈர நாளில் இலை அளவைக் கொஞ்சம் குறைத்து, தின்று முடித்த பிறகே அடுத்த வேளை போட்டு, படுக்கையை ஒரு தடவையாவது வலை வைத்து எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். குளிர் நாளில் கரி அடுப்பு வைப்பதானால் வெளியில் பற்றவைத்துப் புகை முழுதும் அடங்கிய பிறகு உள்ளே கொண்டுவாருங்கள், மேல் சன்னல் திறந்திருக்கட்டும். மூடிய அறையில் கரிப்புகை மனிதருக்கே ஆபத்து.

கோடையின் நோய் வேறு. உடல் வீங்கி, கணுக்கணுவாகப் புடைத்து, தட்டின் ஓரத்தில் நிலைகொள்ளாமல் ஊர்ந்து, தொட்டால் பால் மாதிரி நீர் கசிந்தால் பால்புழு நோய். வைரஸ். மருந்து கிடையாது. போன தடவைக் கிருமிநீக்கம் அரைகுறையாக இருந்தது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அந்தப் பால் ஒரு சொட்டு விழுந்த இலையைத் தின்ற புழுவும் போகும். பகலில் நனைத்த சாக்கை சன்னலில் தொங்கவிட்டுச் சூட்டைக் குறைக்கலாம். இரவில் கழற்றிவிடுங்கள், டெல்டா இரவுக்குக் கூடுதல் ஈரம் தேவையில்லை.

ஊசி ஈ வலை ஓட்டையில் நுழைந்து புழுவின் மேல் முட்டை வைக்கும். முட்டை பொரிந்து உள்ளே போன இடத்தில் கருப்பு வடு தெரியும். உள்ளிருந்து தின்னும் அதன் குட்டிப்புழு, பட்டுப்புழுவைக் கொன்றோ, கட்டிய கூட்டைத் துளைத்தோ வெளியே வரும். வந்ததும் தரையில் உருண்டு வெடிப்பைத் தேடிப் போய்க் கூட்டுப்பருவத்தில் உட்காரும். தரையில் வெடிப்பு கூடாது என்றது இதற்குத்தான். தினம் காலையில் சுவரோரம் பெருக்கி, கிடைத்ததைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள்.

பக்கத்து வயலின் மருந்து

டெல்டாவில் ஒரே இரவில் ஒரு மனை முழுதும் போவது பெரும்பாலும் நோயால் அல்ல, விஷத்தால். நெல்லில் இலைச்சுருட்டுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்துகளில் குளோரான்ட்ரானிலிபுரோல் பரவலாக இருக்கிறது. புழுவினத்தைக் குறிவைத்துச் செய்த மருந்து அது. பட்டுப்புழுவும் அதே இனம்தான். மிகச் சிறிய அளவே போதும், இலையில் நெடுநாள் தங்கவும் செய்யும். இமிடாகுளோபிரிட் வகையும் பட்டுப்புழுவுக்கு விஷம்தான். சம்பாவில் ஐப்பசி முதல் மார்கழி வரை, குறுவையில் ஆடி, ஆவணி, அதன்பின் தரிசில் உளுந்து பயறுக்கு, கோடையில் பருத்திக்கு என்று தெளிப்பு வருடம் முழுதும் இருக்கும். இப்போது ட்ரோனில் அடிக்கிறார்கள், காற்றடித்தால் துளி எங்கேயும் போகும்.

விஷம் பட்ட புழு இலையைத் தின்னாமல் தலையைத் தூக்கி ஆட்டும், பச்சையாக வாந்தியெடுக்கும், உடல் சுருங்கிக் குறுகும், சில நேரம் முறுக்கிக்கொள்ளும். நோயென்றால் அங்கங்கே தொடங்கிப் பரவும். விஷமென்றால் ஒரே வேளை இலை போட்ட தட்டெல்லாம் ஒன்றாக விழும். இந்த வேறுபாட்டை வைத்து எந்தப் பக்கத்துத் தண்டு என்று கண்டுபிடித்துவிடலாம். உடனே அந்த இலையை எடுத்து எறிந்து, சன்னலெல்லாம் திறந்து, நல்ல பக்கத்து இலை போட்டால் இலேசாகப் பட்ட புழு சில எழும்.

வருமுன் காப்பதுதான் வழி. வயல் பக்கத்து ஓரத்தில் அகத்தியையும் கிளைரிசிடியாவையும் நெருக்கமாக இரண்டு வரிசை நட்டு வளருங்கள். கொடிக்காலுக்கு அகத்தி நட்டுப் பழகிய ஊரில் இது புது வேலையில்லை. ஓர வரிசை மல்பெரியை எப்போதும் கடைசியாக எடுங்கள். எடுப்பதற்கு முந்தின நாள் அந்தத் தண்டு இலையை 50, 60 புழுவுக்குத் தனியாகப் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு மனைக்குள் கொண்டுபோகவும். வாய்க்காலில் வரும் வயல் தண்ணீரை, மருந்துக் குருணை போட்ட வாரத்தில், தோட்டத்துக்குத் திருப்பாதீர்கள். எல்லாவற்றையும்விட, பக்கத்து வயல்காரரிடம் நடவு நாளிலேயே பேசிவிடுங்கள்: “அண்ணே, மருந்து அடிக்கிறதுக்கு முதல் நாள் ஒரு போன் போட்டுடுங்க, நான் அந்தப் பக்கத்து இலைய முன்னாடியே அறுத்துக்கிறேன்.” நல்ல முறையில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். தெருவில் கொசுப்புகை அடிக்கும் நாளையும் ஊராட்சியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திரிகையில் ஏற்றுவது

ஐந்தாம் பருவத்தின் 7-ஆம் நாள் பக்கம் புழு பழுக்கும். இலையை விட்டு விலகும், உடல் கொஞ்சம் சுருங்கும், கழுத்துப் பக்கம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி மஞ்சள் சாயல் காட்டும், எச்சம் இளகும், தலையைத் தூக்கித் துழாவும். பழுத்ததை மட்டும் பொறுக்குங்கள். முந்திப் பொறுக்கிய புழு சந்திரிகையில், அதாவது கூடு கட்ட ஏற்றிவிடும் மூங்கில் தட்டியில், பசியோடு அலைந்து மெலிந்த கூடு கட்டும். பிந்தினால் படுக்கையிலேயே நூலை வீணாக்கும். நூற்றுக்கு ஐந்து, பத்து புழு பழுத்ததும் சம்பூர்ணா என்ற மருந்து தெளித்த இலை கொடுத்தால் மற்றவை சேர்ந்து பழுக்கும், ஆள் கூலி மிச்சமாகும்.

6 அடிக்கு 4 அடி மூங்கில் சந்திரிகையில் 1,000 புழுவுக்கு மேல் போடக் கூடாது. நெருக்கினால் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டும். அந்த இரட்டைக் கூட்டில் இழை பின்னிக்கொண்டு நூற்க வராது. கூடு கட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு புழுவும் மூத்திரம் விடும். 150 தொகுதி என்றால் 60, 70 ஆயிரம் புழு. அந்த ஈரம் முழுதும் மனைக்குள்தான். கீழே பழைய செய்தித்தாள் விரித்து மறுநாள் காலையிலேயே அகற்றுங்கள். சந்திரிகையைச் சாய்த்து, காற்றோட்டமான தாழ்வாரத்தில், வெயில் படாமல் நிறுத்துங்கள். ஈரத்தில் கட்டிய கூடு வெளியே நன்றாகத்தான் தெரியும். ஆனால் வெந்நீரில் போட்டு நூல் இழுக்கும்போது, இழைகளை ஒட்டும் பசை இறுகிப்போய் அடிக்கடி அறுந்துகொண்டே இருக்கும். நூற்பவர் ஒருமுறை ஏமாந்தால் அடுத்த முறை உங்கள் கூட்டுக்கு விலை கேட்கமாட்டார். கட்டும் அந்த மூன்று நாளும் விசிறி, திறந்த சன்னல், 60, 65 விழுக்காடு ஈரம். இதற்குத்தான் மனையில் ஈரமானி வேண்டும். புழு தலையை எட்டு வடிவில் அசைத்து அசைத்து ஒரே இழையாக 1,000 மீட்டருக்கு மேல் நூற்பது இந்த மூன்று நாளில்தான்.

கூடு பிரிப்பது

இருவழிக் கலப்பினத்தில் ஏற்றிய 7-ஆம் நாளுக்கு முன் கை வைக்காதீர்கள். ஒரு கூட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே கூட்டுப்புழு இறுகியிருந்தால் கட்டையாக ‘டக் டக்’ என்று தட்டும். சத்தமே இல்லாமல் கொழகொழவென்றிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். நாலைந்து கூட்டை வெட்டியும் பாருங்கள். கூட்டுப்புழு பழுப்பு நிறத்தில், தோல் கெட்டியாக இருக்க வேண்டும். வெளிர்மஞ்சளாக, தொட்டால் அமுங்கினால் பிரித்து மூட்டை கட்டும்போதே நசுங்கி உள்ளிருந்து கறை பிடிக்கும். பிரிக்கும் முன்பே செத்த புழுவையும் கறைக் கூட்டையும் தனியாக எடுத்துவிடுங்கள், கையில் ஒட்டிய கறை நல்ல கூட்டுக்கும் போகும். மேல் பஞ்சை நீக்கி, இரட்டைக்கூடு, துளைக்கூடு, மெலிந்த கூடு, கறைக்கூடு எல்லாம் ஒதுக்குங்கள். 100 தொகுதிக்கு 60 கிலோவுக்குக் கீழே வந்தால் எங்கோ தவறியிருக்கிறது, 70, 80 கிலோ நல்ல எடுப்பு. கிலோவுக்கு 550, 600 கூடு நின்றால் கூடு திரண்டிருக்கிறது என்று பொருள். இந்த வகைக் கூட்டில் 6, 7 கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ கச்சாப் பட்டு.

விற்பனைக்குத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடி, அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் ராமநகரம். டெல்டாவிலிருந்து எப்படியும் ஓர் இரவுப் பயணம். உயிருள்ள கூட்டுப்புழு மூச்சுவிடும், ஈரம் விடும். நெருக்கி அடைத்த மூட்டையில் அது புழுங்கிக் கூடு நனையும். காற்றுப் போகும் பையில் தளர்வாகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மாலையில் ஏற்றி விடியலில் இறக்குங்கள். பக்கத்தில் இரண்டு, மூன்று பேர் ஒரே வாரத்தில் கூடு எடுத்தால் ஒரே வண்டியில் போகலாம். ஏற்றிய 8, 9-ஆம் நாளுக்குள் அங்காடியில் இருந்தாக வேண்டும், தள்ளிப்போனால் அந்துப்பூச்சி வெளிவரத் தொடங்கும்.

கூடு போன அன்றே மனையில் மீந்த தண்டு, எச்சம், செத்த புழு எல்லாவற்றையும் வாரி, தோட்டத்திலிருந்து விலகிய குழியில் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மட்கிய பிறகே எருவாக வயலுக்கு. சந்திரிகையைக் கழுவி, தீ நாக்கால் ஒட்டிய பஞ்சை எரித்து, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, அதே பிளீச்சிங் கரைசலை மனைக்குள் இன்னொரு முறை அடித்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். அடுத்த புழுவுக்கான கிருமிநீக்கம் இதற்குமேல் தனி. தோட்டத்தில் அன்று மீந்த தண்டுகளையும் ஒரே நாளில் கவாத்து செய்து, அந்தத் தேதியை மனைக் கதவின் உட்புறம் எழுதிவையுங்கள். இளம்புழு மையத்துக்கு அடுத்த பதிவுக்குப் போன் செய்யும்போது முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.